புரை

செவ்வாய்க்கிழமை பட்டியலில் முதல் பெயர் யோகேந்திரன்.
வயது ஏழு, பதினெட்டு கிலோ, வலப்பக்கக் குடலிறக்கம்.
ஒடுகத்தூரிலிருந்து நாலரை மணி பஸ்.
அவன் அம்மா கோமளா கையில் மஞ்சள் பை,
பைக்குள் துண்டு, ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை,
மூடி இறுகாத ஒரு தூக்கு.

"ஏதாவது குடுத்தீங்களா?"
"ஒண்ணும் குடுக்கல மேடம். ராத்திரிலேர்ந்து பட்டினி."
யார் பட்டினி என்று நான் கேட்கவில்லை.

இந்த ஊரில் சாப்பிட்டாயா என்பது கேள்வியே அல்ல.
பஸ்ஸில், பத்திர ஆபீசில், சாவு வீட்டு வாசலில்,
யார் கேட்டாலும் ஆச்சு என்று சொல்லிப் பழகிய வாய்கள்.
நான் ஒருத்திதான்
இல்லை என்ற பதிலுக்காக அதைக் கேட்கிறேன்.
இல்லை என்றால் முகம் மலர்கிறேன்.

தொண்டைக்குள் இரண்டு குடித்தனம், ஒரே வாசல்.
ஒரு பக்கம் சோறு போகும், ஒரு பக்கம் காற்று.
நடுவில் தூங்காத சின்னக் கதவு.
தப்பி ஒரு பருக்கை நுழைந்தால் புரையேறும்.
கண்ணில் நீர் முட்டும்.
உச்சந்தலையில் தட்டி
யாரோ உன்னை நினைக்கிறாங்க என்பார்கள்.

என் வாயு அந்தக் கதவையும் சேர்த்தே தூங்க வைக்கும்.
அப்புறம் இரைப்பையில் இருப்பது மேலேறி வந்தாலும்
இருமல் வராது.
உலகத்தில் ஒருவரும் நினைக்காத மாதிரி
அமைதியாக இருக்கும்.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி,
ராணிப்பேட்டை தோல் ஷாப்பிலிருந்து தேசிங்கு.
குடலில் ஓட்டை. காத்திருக்க நேரமில்லை.
லில்லி சிஸ்டர் இரண்டு விரலால் தொண்டையை அழுத்திப் பிடித்திருந்தும்
குழாய் போடுவதற்குள் வந்துவிட்டது.
மேசையின் தலைமாட்டைத் தாழ்த்தி உறிஞ்சினேன்.
பாட்டிலில் கத்திரி விதைகள்,
இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்,
பிரியாணிக்குத் தொட்டுக்கொண்டது.
பதினோரு நாள் வென்டிலேட்டர்.
பன்னிரண்டாம் நாள் அவர் மச்சான் கேட்டார்:
"வயித்துலதானே மேடம் ஆபரேஷன்,
நெஞ்சு எப்படிப் போச்சு?"
இன்னும் அங்கேயே நிற்கிறார் அந்த மனிதர்.

ஏழே முக்கால்.
செவோஃப்ளூரேன் திருகின் மேல் என் கை.
மாஸ்க்கில் ஸ்ட்ராபெர்ரி எசன்ஸ் தடவியாயிற்று.
"பலூன் ஊதலாமா? உனக்கு இன்னா புடிக்கும், சொல்லு."
அவன் வாயைத் திறந்தான்,
பதிலுக்கு முன்னால் வாசனை வந்தது.
புளி, நல்லெண்ணெய், வறுத்த வேர்க்கடலை.
"புளிசோறு," என்றான். "பஸ்ல துன்னேனே."

திருகவில்லை.
சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னை.
"அடுத்தவங்களக் கூப்பிடுங்க."

வெளியே கோமளா மஞ்சள் பையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.
"ரெண்டே வாய் மேடம். அழுதான்.
எப்படிப் பாத்துக்கினே இருக்கறது?
சொன்னா திருப்பி அனுப்பிடுவீங்க.
இன்னிக்கே ஒரு நாள் கூலி போச்சு."
தேசிங்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்,
விழுங்கிவிட்டேன்.
"நீங்க சாப்ட்டீங்களா?"
தலையை ஆட்டினாள், இல்லையென்று.
நேற்று மத்தியானத்திலிருந்து.
புள்ளைக்குத் துணையா இருக்கட்டும் என்று.
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
கேன்டீனுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மட்டும் காட்டினேன்.

அடுத்த செவ்வாய். அதே பஸ், அதே பை. தூக்கு இல்லை.
பையன் அம்மாவோடு டூ விட்டிருந்தான்.
ஒடுகத்தூரிலிருந்து வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தே வந்தானாம்.
இந்த முறை எதுவும் கேட்கவில்லை.
குனிந்து அவன் மூச்சை முகர்ந்தேன்.
புளி அல்ல. வெறும் வயிற்றின் மெல்லிய புளிப்பு.

திருகைத் திருப்பினேன்.
பலூன் உப்பியது, சுருங்கியது.
நாலாவது மூச்சில் மாஸ்க்குக்குள் ஏதோ சொன்னான்.
அம்மா மாதிரிதான் கேட்டது.
இமை சரிந்தது.

வெளியே பெஞ்சில்
முதல் வாய் டீ குடித்த கோமளாவுக்கு
அப்படிப் புரையேறியதாம்.
பிறகு லில்லி சிஸ்டர் சொன்னார்.